கண்ணாடியின் கீழே கூந்தல், கண்ணாடியின் உள்ளே அஸ்தி

இறந்தோரின் நினைவாக ஏதேனும் ஒரு பொருளைப் போற்றி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல நாட்டு மக்களிடையே தொன்றுதொட்டுக் காணப்படுகிறது. நம் நாட்டில் தகனம் செய்யும் வழக்கமுடையோர் அஸ்தியைப் பெரும்பாலும் ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிடுகின்றனர். ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் இதற்கு மாறான ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. இறந்தவரின் முடியில் ஒரு கற்றையையோ, அஸ்தியில் ஒரு சிட்டிகையையோ அணிகலனில் அமைத்து, அதனை அன்புடையோர் உடலில் அணிந்துகொள்ளுகின்றனர். மோதிரம், பதக்கம், மணி, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சிமிழ் எனப் பல உருவங்களில் இவை செய்யப்படுகின்றன. இவற்றுள் மிகப் பலவற்றில் கண்ணாடிக்கு முக்கிய இடம் உண்டு.

இத்தகைய அணிகளை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். முடி எப்போதும் கண்ணாடியின் கீழே வைக்கப்பட்டிருக்கும். அஸ்தியோ கண்ணாடியின் உள்ளேயே கலந்து நிற்கும். முடியை உருகிய கண்ணாடிக்குள் பதிப்பதில்லை. இது தொழிலாளரின் விருப்பத்தைப் பொறுத்த வேறுபாடன்று. இரு பொருள்களின் இரசாயன அமைப்பிலிருந்தே எழுவது. பிற்காலத்தில் எழக்கூடிய ஒரு கேள்விக்கு எந்த அணி விடை கூறும், எது கூறாது என்பதும் இவ்வேறுபாட்டினாலேயே அமைகிறது. அணியுள் இருப்பது உண்மையிலேயே தம்மவருடையதுதானா என்பதே அக்கேள்வி.

முடி அணிகளின் வரலாறு

இங்கிலாந்தின் அரசன் முதலாம் சார்லஸ் 1649-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் தலை வெட்டப்பட்டு இறந்தான். அவனுடைய ஆதரவாளர்கள் அவனது முடியென்று நம்பப்பட்ட இழைகளை மோதிரங்களில் வைத்து, அவற்றின் மேல் பட்டை தீட்டிய படிகக் கல்லைப் பொருத்தி அணிந்துகொண்டனர். வெளிப்படையாகப் பேச இயலாத காலத்தில் அம்மோதிரம் துக்கத்தின் அடையாளமாகவும் கட்சியின் அடையாளமாகவும் விளங்கிற்று. பின்னர் இவ்வழக்கம் அரசியலினின்று விலகிக் குடும்பங்களுக்குள் பரவியது. குழந்தையை இழந்த தாயும், போரில் கணவனை இழந்த மனைவியும் முடிக்கற்றையைச் சிமிழில் இட்டு அணியலாயினர்.

விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் 1861-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் காலமானார். அரசியார் 1901-இல் தாம் இறக்கும்வரை, அதாவது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், துக்க உடையையே அணிந்து வந்தார். கணவரின் முடி வைத்த அணிகளையும் போற்றி வந்தார். அரண்மனையின் வழக்கம் நாட்டின் வழக்கமாயிற்று. யார்க்‌ஷயர் கடற்கரையிலுள்ள விட்பி என்னும் ஊரில் கிடைக்கும் ஜெட் என்ற கரிய பொருளுக்குத் தேவை பெருகிற்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நீரில் புதைந்த மரம் அழுத்தத்தினால் மாறி உண்டானதே ஜெட் ஆகும். அதனை வாங்க இயலாதோர் கறுப்புக் கண்ணாடியில் செய்த மணிகளை அணிந்தனர். பிரெஞ்சு ஜெட் என வழங்கியது இக்கண்ணாடியே. இரண்டையும் கையில் எடுத்த மாத்திரத்தில் பிரித்தறியலாம்: ஜெட் எடை குறைந்தது, தொட்டால் குளிராது, கண்ணாடி கனமானது, குளிர்ந்திருக்கும்.

சுவீடன் நாட்டின் டாலர்னா பகுதியிலுள்ள வோம்ஹூஸ் என்ற சிற்றூரின் பெண்கள் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள். நிலவளம் போதாத அவ்வூரிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இளம்பெண்கள் கூட்டமாகப் புறப்பட்டு, ஐரோப்பிய நகரங்களில் வீடு வீடாகச் சென்று, வாடிக்கையாளரின் முடியிலேயே சங்கிலியும் காதணியும் பின்னிக் கொடுத்துப் பொருளீட்டினர்.

அவர்கள் கையாண்ட முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. முதலில் முடியைச் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பசையை நீக்குவர். பின்பு நீளவாரியாகப் பிரித்து, இழைகளை எண்ணிச் சிறு கற்றைகளாகக் கட்டி, ஒவ்வொரு கற்றையின் நுனியிலும் ஓர் ஈயக்குண்டைத் தொங்கவிடுவர். நடுவில் துளையுள்ள வட்டப் பலகையைச் சுற்றி இக்கற்றைகளைத் தொங்கவிட்டு, ஒரு கம்பியை அச்சாகக் கொண்டு பின்னுவர். பின்னல் முடிந்ததும் அதனைக் கம்பியோடு நீரில் கொதிக்கவைத்து உலர்த்தினால் முடி அவ்வடிவத்திலேயே நிலைபெறும். கம்பியை உருவிவிட்டால் உள்ளீடற்ற குழல் போன்ற பின்னல் கிடைக்கும். முடி குறைவாக இருந்தால் அதனைப் பொடியாக நறுக்கி வண்ணத்தோடு குழைத்துச் சிறு சித்திரம் தீட்டிக் கண்ணாடியால் மூடுவதும் உண்டு.

முடி நெருப்பைத் தாங்காதது ஏன்?

முடி கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நகமும் கொம்பும் இறகும் இவ்வகைப் புரதத்தினாலேயே ஆகியுள்ளன. கெராட்டினில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் மிகுதியாக உள்ளது. அதிலுள்ள கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து புரத இழைகளைக் குறுக்குவாட்டில் பிணைக்கின்றன. முடியின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு கந்தகமே. இப்பிணைப்பு உறுதியானதால் முடி நீரில் கரைவதில்லை. எளிதில் அழுகுவதும் இல்லை. வறண்ட இடங்களில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாது நிற்கும் என்பதற்கு எகிப்திய மம்மிகளின் தலைமுடியே சான்று. பின்னிய முடியைக் கொதிநீரில் இட்டால் புரத இழைகளுக்கு இடையேயுள்ள வலுக்குறைந்த பிணைப்புகள் அவிழ்ந்து, உலரும்போது புதிய நிலையில் மீண்டும் ஏற்படுகின்றன. ஆகவே பின்னல் வடிவம் மாறாது நிற்கிறது.

எனினும், கெராட்டின் உயிர்ப்பொருள். உஷ்ணநிலை 200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிய சிறிது அளவிலேயே அது சிதையத் தொடங்கும். கந்தக நாற்றம் எழும்; முடி சுருண்டு கருகும். கண்ணாடித் தொழிலாளர் உலையிலிருந்து எடுக்கும் குழம்போ 1,000 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணநிலையில் உள்ளது. அதில் முடியை வைத்தால் கண நேரத்தில் அது வாயுவாகவும் கரியாகவும் மாறிவிடும். குமிழ்களும் ஒரு கறையுமே எஞ்சும். முடியை முன்னதாகவே எரித்துச் சாம்பலாக்கினாலும் பயன் சிறிதே. நூறு கிராம் முடியை எரித்தால் ஒரு கிராம் சாம்பல் தேறுவதே அரிது. இக்காரணங்களால் முடிக்கு உரிய இடம் குளிர்ந்த கண்ணாடியின் கீழேதான்.

இக்காலத்தில் முடியைத் தெளிந்த செயற்கைப் பிசினில் பதித்து விற்பதும் பெருகியுள்ளது. இருவகைத் திரவங்களைக் கலந்தால் சாதாரண உஷ்ணநிலையிலேயே இறுகும் பிசின் அது. பார்வைக்குக் கண்ணாடி போலத் தோன்றினும் அது கண்ணாடியன்று. கையில் எடுத்தால் எடை குறைவாயிருக்கும். எளிதில் கீறல் விழும். வெயிலில் நாளடைவில் மஞ்சளிக்கும். வாங்குவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று.

அஸ்தி என்பது யாது?

மேலைநாடுகளில் பல நூற்றாண்டுகள் புதைத்தலே வழக்கமாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்கள் பெருகி இடுகாடுகளில் இடமின்றிப் போகவே, தகனம் பற்றிய ஆராய்ச்சி தொடங்கிற்று. 1873-ஆம் ஆண்டு வியன்னாவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் பதுவா நகரப் பேராசிரியர் புருனெட்டி தாம் அமைத்த தகன உலையின் மாதிரியையும், அதில் கிடைத்த சாம்பலையும் காட்சிக்கு வைத்தார். அதனைக் கண்ட ஆங்கில மருத்துவர் சர் ஹென்றி தாம்ப்ஸன் மறு ஆண்டே தம் நாட்டில் தகனச் சங்கத்தை நிறுவினார். இத்தாலியில் மிலான் நகரில் 1876-இலும், இங்கிலாந்தில் வோகிங் என்ற ஊரில் 1885-இலும் முதல் தகனங்கள் உலைகளில் நடைபெற்றன. பிரிட்டனில் 1960-களின் பிற்பகுதியில் தகனம் புதைத்தலை விஞ்சியது. அமெரிக்காவில் இந்நிலை 2016-ஆம் ஆண்டளவில் ஏற்பட்டது. வீடுகளில் அஸ்திக் கலசங்கள் பெருகவே, முடி அணிகள் இருந்த இடத்திற்கு அஸ்தி அணிகள் வந்து சேர்ந்தன.

உலையின் உஷ்ணநிலை பெரும்பாலும் 760 முதல் 1,000 டிகிரி வரை இருக்கும். அவ்வெப்பத்தில் உடலின் நீரும், தசையும், கொழுப்பும், புரதங்களும் யாவும் நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறிவிடுகின்றன. எஞ்சுவது எலும்பின் தாதுப்பகுதி மட்டுமே. எலும்பு இருவகைப் பொருள்களால் ஆனது. ஒன்று கொல்லாஜென் என்ற வளைந்து கொடுக்கும் புரதம். மற்றொன்று கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கடினமான தாது. பின்னதற்கு ஹைட்ராக்சி அபடைட் என்று பெயர். வெந்த எலும்பைப் பொறியில் இட்டுத் தூளாக்கினால் வெண்மையோ சாம்பல் நிறமோ உடைய பொடி கிடைக்கும். வயது வந்த ஒருவரின் அஸ்தி பொதுவாக இரண்டு முதல் மூன்று கிலோகிராம் எடையிருக்கும். விறகின் சாம்பலைப் போல ஊதினால் பறக்கும் பொருளன்று அது. பொடித்த மணலைப் போலக் கனமுடையது.

எலும்புச் சாம்பல் தொழில்துறைக்குப் புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஜோசையா ஸ்போடு உருவாக்கிய போன் சைனா என்னும் மெல்லிய பீங்கானில் ஏறத்தாழச் சரிபாதி மாட்டெலும்புச் சாம்பலே. கண்ணாடியைப் பால் போல் வெளுக்கச் செய்யவும் ஐரோப்பியத் தொழிலாளர் எலும்புச் சாம்பலைச் சேர்த்தனர்.

மனித எலும்பைக் கண்ணாடியாக்கும் எண்ணமும் பழையதே. பதினேழாம் நூற்றாண்டின் ஜெர்மானிய இரசாயனி யோஹான் யோவாகிம் பெக்கர் அது இயலும் என்று எழுதினார். அக்கருத்தைப் பின்பற்றிப் பாரிஸ் நகரக் கட்டடக் கலைஞர் பியர் ஜிரோ 1801-இல் ஒரு நூலை வெளியிட்டார். இறந்தோரின் எலும்புகளைக் கண்ணாடியாக உருக்கித் தூண்களும் பதக்கங்களும் வார்க்கும் ஒரு கல்லறைக் கூடத்தை அவர் அதில் வரைந்து காட்டினார். அக்கூடம் கட்டப்படவில்லை. ஆயினும் பிள்ளைகள் தம் பெற்றோரின் நினைவைப் பதக்கமாகக் கையில் வைத்திருக்கலாம் என்ற அவருடைய எண்ணம் இன்று வேறொரு முறையில் கைகூடியிருக்கிறது.

கண்ணாடியில் அஸ்தியைப் பதித்தல்

சாதாரணக் கண்ணாடியில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட பங்கு மணலாகிய சிலிக்கா உள்ளது. சிலிக்கா மட்டும் தனித்து உருகுவதற்கு 1,700 டிகிரி அளவு வெப்பம் வேண்டும். சோடாவைச் சேர்த்தால் அவ்வளவு வெப்பம் தேவையில்லை; ஆனால் அக்கலவை நீரில் கரையும். சுண்ணாம்பையும் சேர்த்தால் கரையாத் தன்மை ஏற்படும். மணல், சோடா, சுண்ணாம்பு என்ற இம்மூன்றுமே சன்னல் கண்ணாடிக்கும் புட்டிக்கும் மூலப்பொருள்கள். சோடாவைக் குறைத்துப் போரிக் ஆக்சைடு சேர்த்துச் செய்வது போரோசிலிக்கேட் கண்ணாடி. ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதனை உருவாக்கினார். ஆய்வுக்கூடக் குடுவைகள் இதனால் ஆனவை.

அஸ்தி அணி இரண்டு முறைகளில் செய்யப்படுகிறது. முதலாவது உலை முறை. தொழிலாளர் ஓர் இரும்புக் கோலின் நுனியில் உருகிய கண்ணாடியைத் தேன் எடுப்பதுபோல் சுற்றி எடுப்பர். இரும்புப் பலகையின்மேல் மெல்லியதாகப் பரப்பிய அஸ்தியில் அதனை உருட்டுவர். பொடி கண்ணாடியின் மேல் ஒட்டிக்கொள்ளும். உடனே அதனை மீண்டும் உலையில் தோய்த்துத் தெளிந்த கண்ணாடியால் மேற்போர்வை அமைப்பர். இவ்வாறு அஸ்தி இரு கண்ணாடிப் படலங்களுக்கு இடையே அடைபடும். இரண்டாவது சுடர் முறை. பிராணவாயுவும் எரிவாயுவும் கலந்த சுடரில் கண்ணாடிக் கோலை உருக்கி, களிமண் பூசிய கம்பியின்மேல் சுற்றி மணியாக்குவர். அம்மணியைச் சிறிது அஸ்தியில் தோய்த்துப் பின்னும் ஒரு சுற்றுத் தெளிந்த கண்ணாடியால் மூடுவர். எந்த முறையிலும் ஓர் அணிக்குத் தேவைப்படுவது ஒரு சிறு கரண்டிக்கும் குறைந்த அஸ்தியே.

முடிந்த அணியுள் அஸ்தி வெண்புள்ளிகளாகவும், அவற்றைச் சூழ்ந்த நுண்ணிய குமிழ்களாகவும் தோன்றும். அஸ்தியின் தாது உருகுவதற்கு 1,600 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆகவே சில நிமிடங்களே நீடிக்கும் இவ்வேலையில் அது கண்ணாடியோடு கரைந்து ஒன்றாவதில்லை, துகளாகவே நிற்கிறது. துகள்களிடையே சிக்கிய காற்றும், எஞ்சியிருந்த கார்பனேட்டுகள் சிதைவதால் வரும் கரியமில வாயுவும் குமிழ்களாகின்றன. நீலம், பச்சை முதலிய நிறங்கள் தொழிலாளர் சேர்த்த வண்ணக் கண்ணாடியிலிருந்து வருபவையே. இறந்தவரின் இயல்புக்கேற்ப அஸ்தி நிறம் காட்டும் என்று எவரேனும் கூறின் அதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை.

மெல்ல ஆறவைத்தலின் அவசியம்

அணி வெடிக்காமல் நிற்பது அதனை ஆறவைக்கும் முறையைப் பொறுத்தது. சூடான கண்ணாடியைக் காற்றில் வைத்தால் வெளிப்புறம் முதலில் குளிர்ந்து இறுகும்; உட்புறம் பின்னர்ச் சுருங்க முயலும். இறுகிவிட்ட வெளிப்புறம் அதற்கு இடம் கொடாது. இந்த இழுபறி கண்ணாடியுள் நிலையாகத் தங்கிவிடும். அன்றோ, ஒரு மாதம் கழித்தோ, சிறு தட்டலிலோ, காரணமே தோன்றாமலோ அணி பிளந்துவிடலாம். இதனைத் தவிர்க்கச் சோடாக் கண்ணாடியை 500 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட நிலையிலும், போரோசிலிக்கேட் கண்ணாடியை 560 டிகிரி அளவிலும் சூளையில் வைத்திருந்து, பின்னர்ப் படிப்படியாக ஆறவிடுவர். தொழிலாளர் இதனை அனீலிங் என்பர். சிறு மணிக்குச் சில மணி நேரமும், பெரிய உருண்டைக்கு ஓர் இரவோ அதற்கு மேலோ இதற்குத் தேவைப்படும்.

கண்ணாடி வகைகளைக் கலத்தலும் கேடு விளைவிக்கும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள சோடாக் கண்ணாடிக் கோல் 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டர் நீளும். அதே அளவு போரோசிலிக்கேட் கோல் 0.033 மில்லிமீட்டர் மட்டுமே நீளும். இவ்விரண்டையும் ஒட்டினால் ஆறும்போது இணைப்பு பிளந்துவிடும். அஸ்தித் துகளும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. துகள்கள் சிறியனவாகவும் சிதறியும் இருந்தால் தீங்கில்லை. ஒரே இடத்தில் கட்டியாகக் குவிந்தால் அங்கிருந்து வெடிப்புத் தொடங்கும். எனவே அஸ்தியைச் சல்லடையில் சலித்துச் சிறிதளவே பயன்படுத்துதல் வேண்டும். அதிகம் இட்டால் அணி சிறக்கும் என்பது தவறான எண்ணம்.

உடைந்த கோப்பைக்கு வேறொரு கோப்பை வாங்கலாம். அஸ்திக்கு மாற்று இல்லை. ஆதலால் அனுபவமுள்ள தொழிலாளர் முதலில் வாணிபத்தில் கிடைக்கும் எலும்புச் சாம்பலை இட்டு ஒரு மாதிரி செய்து பார்த்த பின்னரே உரிய அஸ்தியைத் தொடுவர். வாடிக்கையாளரும் கையிலுள்ள அஸ்தி முழுவதையும் அனுப்பிவிடாமல் தேவையானதை மட்டுமே தருதல் வேண்டும்.

இது யாருடையது?

தந்த முடிதான் அணியில் வைக்கப்பட்டதா என்ற ஐயம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. சில கடைக்காரர் வேலைக்கு எளிதான வேறு முடியை மாற்றி வைத்துவிடுகின்றனர் என்ற குறை பரவலாகக் கூறப்பட்டது. அமெரிக்காவில் மார்க் காம்ப்பெல் என்பவர் முடிப் பின்னலை வீட்டிலேயே கற்பதற்கென 1867-இல் ஒரு நூல் வெளியிட்டார். தம் கையால் பின்னினால் தம்மவர் முடிதான் என்ற உறுதி இருக்கும் என்பதும் அவர் கூறிய பயன்களுள் ஒன்று.

இவ்வையம் வீணானதன்று என்பதற்கு இசைமேதை பீத்தோவனின் முடி ஒரு சான்று. அவர் 1827-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் வியன்னாவில் காலமானார். மறுநாள் பதினைந்து வயது இசை மாணவராயிருந்த பெர்டினாண்ட் ஹில்லர் வெட்டி எடுத்ததாகக் கூறப்பட்ட முடிக்கற்றை ஒன்று சட்டமிட்ட கண்ணாடியின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டு வந்தது. அதில் ஈயம் மிகுந்திருந்ததாக 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு முடிவைக் கொண்டு, பீத்தோவனின் நோய்களுக்கு ஈய நஞ்சே காரணமென்று பலர் கருதினர். 2023-இல் விஞ்ஞானிகள் அவருடையவை எனக் கூறப்பட்ட எட்டுக் கற்றைகளின் டி.என்.ஏ.-வை ஆராய்ந்தனர். ஐந்து கற்றைகள் ஒரே ஆணுக்கு உரியவை. அவை பீத்தோவனுடையவையே என முடிவாயிற்று. ஹில்லர் கற்றையோ ஒரு பெண்ணின் முடி எனத் தெரியவந்தது. பின்னர் 2024-இல் உண்மையான கற்றைகளை ஆராய்ந்தபோது அவற்றிலும் ஈயம் மிகுதியாகவே காணப்பட்டது. பழைய முடிவின் ஒரு பகுதி நிலைத்தது. ஆனால் அதற்கு ஆதாரமாகக் காட்டிய முடி வேறொருவருடையது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்வுண்மை வெளிப்பட்டதற்குக் காரணம், முடி நெருப்பைக் காணாமல் கண்ணாடியின் கீழே இருந்தமையே.

அஸ்தியின் நிலை வேறு. தகன வெப்பத்தில் டி.என்.ஏ. முற்றும் அழிந்துவிடுகிறது. எனினும் வெந்த எலும்பு அறவே மௌனமாகிவிடுவதில்லை. உணவின் வழியாகவும் நீரின் வழியாகவும் எலும்பில் சேரும் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம், ஒருவர் வாழ்ந்த நிலத்தின் பாறை வகைக்கேற்ப மாறுபடும். நெருப்பு அதனை மாற்றுவதில்லை. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழங்காலக் கல்வட்டத்தில் தகனம் செய்து புதைக்கப்பட்ட 25 பேரின் எலும்புகளை இவ்வழியில் ஆராய்ந்து, அவர்களுள் 10 பேர் அப்பகுதியைச் சேர்ந்தவர் அல்லர் என்று 2018-இல் அறிவித்தனர். ஆக, வெந்த எலும்பு ஊரைச் சொல்லக்கூடும், பெயரைச் சொல்லாது. கண்ணாடிக்குள் புகுந்த சில மில்லிகிராம் பொடியை அணியை உடைக்காமல் ஆராயவும் இயலாது.

எனவே அஸ்தி அணியின் உண்மைக்கு ஆதாரம் செய்பவரின் நேர்மையும், அவர் எழுதி வைக்கும் குறிப்புமேயாகும். நல்ல பட்டறைகளில் பின்வரும் ஒழுங்குகளைக் காணலாம். பொட்டலம் வந்தவுடன் எடை பார்த்து, எண்ணிட்டு, அவ்வெண் அணியோடு சூளைவரை செல்லும். ஒருவரின் வேலை முடிந்து பலகையும் கருவிகளும் துடைக்கப்பட்ட பின்னரே அடுத்தவரின் பொட்டலம் திறக்கப்படும். மிஞ்சிய அஸ்தி எடை குறித்துத் திருப்பித் தரப்படும். விரும்புவோர் உடனிருந்து வேலையைக் காண அனுமதிக்கப்படுவர். இவை ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளைக் கையாளும் விதிகளே ஆகும். வயல் மண்ணையும் கிணற்று நீரையும் சேகரித்து அனுப்பும் களப்பணியாளர்கள் இவற்றின் பயனை நன்கு அறிவர். சீட்டு மாறினால் மாதிரி பயனற்றுப் போகும். ஈண்டு ஒரு குடும்பத்தின் துக்கம் தவறான பொருளின்மேல் நிலைகொண்டுவிடும்.

வகுப்பில் செய்து காட்டத்தக்கவை

இப்பொருளிலுள்ள விஞ்ஞானத்தை எளிய சோதனைகளால் மாணவர்க்கு விளக்கலாம். துக்கத்தைப் பற்றிப் பேசாமலே இவற்றை நடத்த முடியும்.

1. உதிர்ந்த முடி இழை ஒன்றையும் பருத்தி நூல் ஒன்றையும் இடுக்கியால் பிடித்துத் தனித்தனியே சுடரில் காட்டுக. முடி சுருண்டு, கந்தக நாற்றத்தோடு கருகி, நசுக்கினால் பொடியாகும் சிறு கரிமணியாக முடியும். நூல் காகிதம் எரிவது போன்ற மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். புரதத்திற்கும் தாவர நாருக்குமுள்ள வேறுபாடு இதனால் விளங்கும். இச்சோதனையை ஆசிரியரே செய்தல் வேண்டும்.

2. சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பைப் புளிக்காடியாகிய வினிகரில் பல நாள் ஊறவைத்தால் அதன் தாதுப்பகுதி கரைந்துவிடும். எலும்பு ரப்பர் போல் வளையும். மற்றோர் எலும்பை அடுப்புத் தணலில் நன்கு சுட்டால் புரதம் எரிந்துபோய், வெளுத்து, விரலால் நொறுங்கும். முதலாவதில் நெருப்பு அழிப்பதும் இரண்டாவதில் நெருப்பு விட்டுவைப்பதும் எவை என்பது தெரியவரும்.

3. கணிப்பொறியின் வெண்மையான திரைக்கு முன்னால் தெளிந்த பிளாஸ்டிக் அளவுகோலைப் பிடித்து, போலராய்டு வகைக் கறுப்புக் கண்ணாடியின் வழியாக அதனை நோக்குக. கறுப்புக் கண்ணாடியை மெல்லத் திருப்பினால் அளவுகோலில் வண்ணப் பட்டைகள் தோன்றும். அவை பிளாஸ்டிக் இறுகியபோது அதில் தங்கிய இழுபறியைக் காட்டுகின்றன. கண்ணாடித் தொழிலாளரும் இவ்வாறே அணியைச் சோதித்து, சரியாக ஆறாதவற்றைச் சூளைக்குத் திருப்பி அனுப்புகின்றனர்.

முடியைக் கண்ணாடி காத்துவைக்கிறது. அஸ்தியை அது தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. முன்னதை என்றேனும் திறந்து கேட்டால் விடை கிடைக்கும். பின்னதைத் திறக்க வழியில்லை. செய்தவர் அன்று எழுதிய சீட்டே அதன் சாட்சி. தம்மவரின் ஒரு சிட்டிகை அஸ்தியை அயலார் ஒருவரின் கையில் ஒப்படைக்கும் குடும்பம் கேட்க வேண்டியவை சிலவே. எந்தக் கண்ணாடி, எவ்வளவு நேரம் ஆறவைக்கப்படும், மீதம் எங்கே, குறிப்பு எங்கே என்பனவே அவை. இவற்றுக்குத் தயங்காது விடையளிப்பவரிடம் அப்பொருளை ஒப்படைக்கலாம்.